மோட்டார் சுவிட்சின் மேல் ஒரு கூடு

கொண்டைக்குருவியோடு பழகலாமென்று இந்த வயதில் நான் வாங்கிய பைனாகுலரில் முதலில் தெளிவாகத் தெரிந்தது எதிர்வீட்டுக்காரரின் கோபமான முகம். சவூதியிலிருந்து லீவில் கடலூர் வந்திருந்தவர். லுங்கியை மடித்துக் கட்டி, இரு கைகளிலும் வாளியோடு, தெருக்குழாயிலிருந்து பூனை நடை நடந்து வந்துகொண்டிருந்தார்.

"என்ன மாமா, எங்க வீட்டையே பாக்குறீங்க?"

"குருவியத்தான் பாக்குறேன்" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. அவர் வீட்டு மோட்டார் சுவிட்சுப் பெட்டியின் மேல்தான் அது கூடு கட்டியிருந்ததாம். பயந்து முட்டையை விட்டுப் போய்விடும் என்று சுவிட்சை யாரையும் தொடவிடாமல், வீடு முழுமைக்கும் அவரே தண்ணீர் சுமந்தார்.

"கிட்ட போவாதீங்க மாமா, கேட்டுல நின்னே பாருங்க. குஞ்சு பறக்குறத பாத்துட்டுத்தான் நான் ஃபிளைட் ஏறணும்."

தினமும் நின்றேன். கூடு தெரிந்தது, குருவி தெரியவில்லை. பாட்டு மட்டும் என் வீட்டு முருங்கையிலிருந்து கேட்டது. அது வேறு குருவி என்று இருவருமே முடிவு செய்தோம். "இரை தேடப் போயிருக்கும்" என்று அவர் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும்போதே லீவு முடிந்துபோனது. தன் சிதம்பரத்து மச்சான் ஓட்டிவந்த காரில் ஏறியவர், கூட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கார் தெருமுனை தாண்டியதும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பதறி ஓடினேன்.

"அது குஞ்சோட உங்க முருங்கைக்குப் போயி நாளாச்சுண்ணே" என்றார் அவர் மனைவி. "மனுஷன் ஆசையா தண்ணி தூக்குறாரேன்னுதான் சொல்லல."