ஒரு புள்ளி வித்தியாசம்

"எப்பவும் லேட்டாத்தான் வர்றீங்க" என்று சொல்லிக்கொண்டே மனைவி சூப்புக் கிண்ணத்தை வைத்தால், நிக்கனோர் வாத்தியார் கரண்டியைத் தொடமாட்டார். "எப்பவும்னா? பத்துக்கு எத்தனை தடவை?" என்று கேட்பார். அந்த அம்மாள் கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனதும் உண்டு.

பெரு நாட்டு மலைக்காட்டில் இருக்கும் சான் ரோக் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் அவர் கணக்கு ஆசிரியர். கடைசி வருஷத்துப் பிள்ளைகளுக்குப் புள்ளியியலும் நடத்துகிறார். வகுப்போடு அதை விட்டுவிட்டு வந்தால் ஊருக்கு நிம்மதி. சந்தையில் உருளைக்கிழங்கு விற்கிறவள் "இந்த ரகம் அழுகவே அழுகாது" என்றால், மூட்டையில் கைவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஏழெட்டு எடுத்துப் பார்ப்பார். முடிதிருத்துகிற ஆள் அவருக்கு மட்டும் வாயைத் திறக்காமல் வெட்டிவிடுகிறான்.

இத்தனை கறாரான மனிதருக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. அது தவளை. ஒலிந்தா என்பவள் சிச்சா என்கிற சோளக் கள் விற்கும் கடையின் முற்றத்தில் ஒரு மரப்பெட்டி; அதன் மேல் வாயைப் பிளந்த வெண்கலத் தவளை. தள்ளி நின்று பித்தளை வில்லைகளை எறியவேண்டும். சுற்றியுள்ள துளைகளில் விழுந்தால் கொஞ்சம் புள்ளி, தவளை வாயில் விழுந்தால் கொள்ளைப் புள்ளி. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஊரின் திருவிழாப் போட்டிக்கு ஆண்டுதோறும் சான் ரோக்கிலிருந்து நாலு பேர் போவார்கள். வாத்தியார் அதில் ஒருவர். கால்பந்தில் ஓட முடியாதவர், நடனத்தில் தாளம் தப்புகிறவர். அந்த நாலு பேரில் ஒருவராக இருப்பதுதான் அவர் வாழ்க்கையில் சம்பாதித்த ஒரே பெருமை.

இந்த வருஷம் ஒலிந்தா சோளச் சிச்சாவை ஊற்றிக்கொண்டே, "போட்டிக்கு நானும் வர்றேன்" என்றாள். நாற்பது வயது, பெரிய குரல், புருஷன் இல்லை. கடை காலியாக இருக்கும் மதியங்களில் அவளும் தவளையும்தான்.

அணித் தலைவர் கசிமிரோ லாரிக்காரர். வாத்தியாரோடு மச்சான் முறை கொண்டாடுகிறவர். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பொம்பளைக்குக் கை நேரா வராதுடி. கடவுள் அப்படிப் படைச்சுட்டான்."

"எத்தனை பொம்பளைய எறியவிட்டுப் பார்த்தீங்க, மச்சான்?" என்றார் நிக்கனோர். வாய் சும்மா இருக்கவில்லை.

அப்படித்தான் சோதனை ஆரம்பித்தது. பத்து ஆண், பத்துப் பெண். பேரைச் சீட்டுப் போட்டு எடுத்தார்; சீட்டில் அவர் பேரும் ஒலிந்தா பேரும் வந்தன. ஆண்கள் வருஷக்கணக்காக எறிகிறவர்கள், பெண்கள் ஊற்றிக் கொடுக்கிறவர்கள். இப்படியே அளந்தால் பழக்கத்தைத்தான் அளப்போம் என்று சொல்லி எல்லாருக்கும் ஒரு மாதம் சமமாகப் பயிற்சி கொடுத்தார். பெண்கள் முறை வந்த நாட்களில் ஆண்கள் சிச்சா ஊற்றினார்கள். பாதி தரைக்குப் போயிற்று. சோதனை நாளன்று எறிகிறவருக்கும் பெட்டிக்கும் நடுவே, வில்லை போக மட்டும் இடம் விட்டு ஒரு போர்வையைக் கட்டினார். எறிந்தது யாரென்று புள்ளி எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாதாம். எறிந்து முடிக்கும்வரை யாரும் ஒரு மடக்குக் குடிக்கக்கூடாது என்றதற்குத்தான் ஊரே கொதித்தது.

கூட்டிப் பார்த்ததில் ஆண்கள் பக்கம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. கசிமிரோ மேசையில் ஓங்கித் தட்டினார். "நான் சொல்லலை?"

"இருங்க" என்றார் வாத்தியார். இருபது பேரின் புள்ளிகளையும் பேரில்லாமல் துண்டுத்தாளில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கினார். கண்ணை மூடிப் பத்துப் பத்தாக இரண்டு குவியல் பிரித்துக் கூட்டினார். ஒரு குவியல் ஜெயித்தது. மறுபடி குலுக்கினார், மறுபடி ஒன்று ஜெயித்தது. பல தடவை, ஆண்கள் ஜெயித்ததைவிடப் பெரிய வித்தியாசம் வந்தது.

"இந்தக் குவியல்ல ஆம்பளை யாரு, பொம்பளை யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குந்தான் தெரியாது. ஆனாலும் ஒண்ணு ஜெயிக்குது பாருங்க. சும்மா குலுக்கினாலே இவ்வளவு வித்தியாசம் வருதுன்னா, நம்ம ஜெயிச்சதுல ஆம்பளைத்தனம் எங்க இருக்கு?"

பெண்கள் கைதட்டினார்கள். ஒலிந்தா தட்டவில்லை. சுவரில் புள்ளி வரிசைப்படி சுண்ணக்கட்டியால் எழுதியிருந்த பெயர்களைக் காட்டி, "அப்ப மேல இருந்து நாலு பேரு போகலாமே" என்றாள்.

மேலிருந்து நாலாவது ஒலிந்தா. ஐந்தாவது நிக்கனோர். ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்.

வாத்தியார் முகம் வெளுத்துவிட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. கசிமிரோ பக்கத்தில் வந்து தோளில் கைபோட்டார். "மச்சான், ஒரு புள்ளிதானே? சின்ன வித்தியாசத்துக்கு அர்த்தமில்லைன்னு இப்பத்தானே குலுக்கிக் காட்டினீங்க. உங்க கணக்குப்படியே நீங்க அவளைவிட மட்டமில்லை. பேசாம வாங்க."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவரை வதைத்தது. தப்பாக இருந்திருந்தால் ஒரே பேச்சில் மறுத்திருப்பார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பதிலை ஊர் கேட்டதில்லை.

வீட்டில் மனைவி வேண்டுமென்றே இரண்டு தடவை "எப்பவும்" சொல்லிப் பார்த்தாள். அவர் சூப்பைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

திருவிழாக் காலையில் கசிமிரோவின் லாரி சர்ச் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. மற்ற இருவரும் மேலே ஏறிவிட்டார்கள். ஒலிந்தா பையை அணைத்துக்கொண்டு கீழேயே நின்றாள். தேய்த்த சட்டையும் கோட்டுமாக வாத்தியார் வருவதைப் பார்த்ததும் அவள் முகம் சின்னதாகிவிட்டது. பையைத் தோளில் மாட்டித் திரும்பி நடக்க ஒரு அடி எடுத்தும் வைத்தாள்.

"எங்க போற?"

"நீங்க வர்றீங்கள்ல, வாத்தியாரே."

"ஒரு புள்ளியில ஒண்ணும் தெரியாது. நீயும் நானும் சமம். சமம்னா, இத்தனை வருஷம் போகாதவதானே போகணும்?" கையால் லாரியைக் காட்டினார். "ஏறு."

அடுக்கடுக்கான பாவாடையோடு அவளால் அந்த உயரத்துக்குக் காலைத் தூக்க முடியவில்லை. கசிமிரோ ஹாரன் அடித்தார். நிக்கனோர் வாத்தியார் ராத்திரி மழையில் சேறான தெருவில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் கோத்து அவள் காலடியில் நீட்டினார்.

"வாத்தியார் கையை எப்படி மிதிக்கிறது?"

"மிதிடி, நேரமாகுது."

அவள் மிதித்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிவிட்டார்.