இசக்கியப்பனின் தாளம் சரியாகத்தான் இருந்தது

செய்தி வந்தபோது கிங்ஸ் சர்க்கிளில் ஓர் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நம் மும்பைத் தமிழ் இசைக்குழுக்காரர்களின் வாட்ஸப் குழுவில் இசக்கியப்பனின் படம், கீழே இரண்டு வரி. தாராவியில், தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தைந்து. கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நடுவில் ஒருவர் எழுதினார்: “நல்ல மனுஷன். டைமிங்தான் கொஞ்சம் வீக்.” அதற்கு மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். உடல் இன்னும் வீடு வந்து சேரவில்லை, அதற்குள் ஒரு குறை சொல்லியாகிவிட்டது. அந்த நால்வரும் இந்த நினைவு மலரைப் படிப்பீர்கள் என்று தெரியும். மலர்க்குழுவினர் என்னிடம் “மனசைத் தொடற மாதிரி ரெண்டு பக்கம்” கேட்டார்கள். எனக்கு யார் மனத்தையும் தொடுகிற எண்ணம் இல்லை. வயிறு எரிகிறது, எரிகிறபடியே எழுதுகிறேன்.

முதலில் அவர் மேலேயே கோபம். மூன்று நாளாக மார்பு வலித்திருக்கிறது. போனில் என்னிடம் சொன்னார். டாக்டரிடம் போங்கள் என்றேன். “சும்மா கேஸுவே, ஒரு சோடா குடிச்சா போயிரும்” என்றார். ஓர் ஒலி நூலிழை பிந்தினால் கண்டுபிடிக்கிற காது, தன் மார்புக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் கேட்கவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இசக்கியப்பன் வாசித்தது சாம்ப்ளர். வெளியே பிடித்த ஒலிகளைத் தனக்குள் வைத்துக்கொண்டு, பொத்தானைத் தட்டினால் திருப்பித் தரும் பெட்டி. விநாயகர் ஊர்வலம், நவராத்திரி, செம்பூர் கோவில் கச்சேரி என்று எல்லாவற்றுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வருவார். உறை அவரே தைத்தது, தடித்த பழுப்புத் தோலில்.

மாட்டுங்காவில் என் சின்ன ரெக்கார்டிங் அறைக்கு முதன்முதலாக அவர் வந்த நாளில் நான் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய பழைய பெட்டியில் எட்டு வாத்தியங்கள் ஓடும், ஆனால் ஒலி வெளியே வர வழி இரண்டுதான். எட்டும் தனித்தனிப் பதிவாக, தனித்தனி டிராக்காக வேண்டுமென்றால், ஒன்றை மட்டும் ஒலிக்கவிட்டு மற்றவற்றை அடக்கி, எட்டு முறை முதலிலிருந்து ஓட்டிப் பதிய வேண்டும். கம்ப்யூட்டர் கேபிள் வழியாக ‘ஆரம்பி’ என்று சொல்லும், பெட்டி ஆரம்பிக்கும். தொல்லை என்னவென்றால், பெட்டி ஒவ்வொரு முறையும் ஒரு துளி முந்தியோ பிந்தியோதான் புறப்படும். புறப்பட்டபின் பிசகாது. ஆனால் எட்டையும் சேர்த்துக் கேட்டால், எட்டுப் பேர் ஆளுக்கொரு நேரத்தில் கைதட்டுவது போலிருக்கும். நான் கேபிளைத் திட்டினேன், கம்ப்யூட்டரைத் திட்டினேன்.

அவர் டீயை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்: “லோக்கல் வண்டி என்னைக்குவே சொன்ன நேரத்துக்கு வந்துச்சு? முந்தி வரும், பிந்தி வரும். ஆனா நாம ஏறுற பெட்டி நிக்குற இடம் ஒண்ணுதான? அந்த இடத்துக்கு ஒரு அடையாளம் போட்டுருவோம்.”

மறுநாள் அடையாளத்தோடு வந்தார். பட்டறையில் தோலின் மேல் மரச்சுத்தியல் விழும் ஒலி. ‘டொக்’. ஒரே ஒரு அடி. ஒவ்வொரு டிராக்கிலும் பாட்டுக்கு முன்னால் அது வரும்படி பெட்டியில் வைத்திருந்தார். பதிந்த பிறகு எட்டு டொக்கையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் போதும், பின்னால் வருவதெல்லாம் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து டொக் இல்லாமல் அவர் எதையும் பதிந்ததில்லை. ஒருமுறை நான் அதைச் ‘சத்தம்’ என்று சொல்லிவிட்டேன். “சத்தமா? இதை எடுத்துட்டா மத்ததெல்லாம்தான்வே சத்தம்” என்று கத்தினார். கதவைச் சாத்திக்கொண்டு கீழே போய், ஒரு வடா பாவ் தின்றுவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால், அந்தேரிப் பக்கம் ஒரு கம்பெனி ஒரு தொடரின் முகப்பு இசைக்கு வாத்திய டிராக்குகள் கேட்டது. இசக்கியப்பனுக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரிய வாய்ப்பு. பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு நாலு நாள் என் அறையில் இருந்து எட்டு டிராக்கையும் பதிந்தார். ஐந்தாம் நாள் அவர் இல்லை. கம்பெனியிலிருந்து போன் வந்தது: உடனே அனுப்பு, ஃபைலுக்கு முன்னால் எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது. நான் பதறினேன். டொக்குகளை ஒரே கோட்டில் நிறுத்தும் வேலையைச் செய்யவே இல்லை. பாட்டின் தொடக்கம் என்று கம்ப்யூட்டர் திரை காட்டிய இடத்தில் எட்டையும் ஒரே வெட்டாக வெட்டி அனுப்பினேன். எட்டு டொக்கும் போயின. எட்டு டிராக்கும் ஆளுக்கொரு நேரத்தில் புறப்பட்டன.

மறுநாள் கம்பெனிக்காரர் இந்தியில் சொன்னார்: “உங்கள் ஆளுக்குத் தாளமே நிற்கவில்லை. வேறு ஆளை வைத்துக்கொள்கிறோம்.” அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. வெட்டாத மூலப்பதிவு என் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. சரிசெய்து திரும்ப அனுப்பப் பத்து நிமிடம் போதும். “தப்பு என்னுடையது” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. அடுத்த தொடருக்கும் என்னையே கூப்பிடுவதாக அவர் சொல்லியிருந்தார், அது போய்விடும் என்று பயந்தேன். இசக்கியப்பனிடம், “அவங்க மனசு மாறிடுத்து” என்றேன். “சரிவே” என்றார்.

‘டைமிங் வீக்’ என்ற பேச்சு அங்கே பிறந்தது. அந்தேரியிலிருந்து செம்பூருக்கு வந்தது, தாராவிக்கு வந்தது. ஊர்வலத்துக்குக் கூப்பிட்டவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். கச்சேரிக்காரர்கள் போனை எடுக்கவில்லை. அவர் வாசித்து ஒரு நாளும் கேட்டிராதவர்கள்கூட அதைச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியெடுத்துக் கொடுத்தவன் நான்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என் அறைக்கு வந்தார், தனக்காக எதையாவது பதிய. ஒரு மாற்றம் மட்டும் இருந்தது. பாட்டுக்கு முன்னால் ஒரு டொக், பாட்டு முடிந்த பிறகும் ஒரு டொக்.

“எதுக்கு இசக்கி ரெண்டு?” என்று கேட்டேன்.

“முன்னால உள்ளது தொலைஞ்சாலும் பின்னால உள்ளது இருக்கும்லா? உமக்காவத்தான் வைக்கேன்.”

நான் சிரித்தேன். அதை நினைக்கும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பேச்சியம்மாள் தோலுறையோடு சாம்ப்ளரை என் முன்னால் வைத்தார்.

“இத நீங்களே வச்சிக்கிடுங்கண்ணே. மலர்ல எழுதுதீகளாமே?”

“ஆமாம்மா.”

“எழுதுங்க. நீங்க வெட்டுனதையும் எழுதுங்க.”

பேச்சியம்மாள் குரலை உயர்த்தவில்லை. “நீங்க கம்பெனிக்கு அனுப்புனத அப்பவே யாரோ போன்ல போட்டுக் காமிச்சிருக்காங்க. கேட்ட உடனேயே அவுகளுக்குத் தெரிஞ்சுபோச்சு. ‘சேகரு வெட்டிட்டாரு, பயத்துல செஞ்சிருப்பாரு’ன்னாக. போயி சட்டையப் புடிச்சுக் கேளுங்கன்னு நான் சண்ட போட்டேன். ‘அவரா சொல்லட்டும் பேச்சி’ன்னுட்டாக. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்த உடனே நான் கேப்பேன், சொன்னாரான்னு. இல்லம்பாக.”

ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகள். என் எதிரே உட்கார்ந்து, என் டீயைக் குடித்து, நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்திருக்கிறார். இசக்கி, ஒரு நாள் என்னை அடித்திருக்கக் கூடாதா? அடையாளம் வைத்துவிட்டுச் சும்மா இருக்க நான் என்ன டிராக்கா, தானாக வந்து ஒட்டிக்கொள்ள?

வீட்டுக்கு வந்து பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். எட்டு டொக்கையும் ஒரே கோட்டில் நிறுத்தினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எட்டு வாத்தியமும் ஒரே கை வாசித்ததுபோல் சேர்ந்து நின்றன, ஒரு நூலிழைகூடப் பிசகாமல். அந்தக் கம்பெனிக்காரருக்கும் அதை அனுப்பி, அன்று நான் செய்ததை எழுதியிருக்கிறேன். ஞாயிறு மாலை அஞ்சலிக் கூட்டத்தில் அதைப் போடப்போகிறேன். கட்டைவிரல் உயர்த்திய மூவரும், அந்த வரியை எழுதியவரும் முன்வரிசைக்கு வாருங்கள். தொடக்கத்தில் ‘டொக்’ என்று ஒன்று கேட்கும். அதை வெட்டமாட்டேன்.

அவருடையது என்று இப்போது என் முன்னால் இருப்பவை ஒரு தோலுறை, ஒரு பெட்டி, கடைசியாகப் பதிந்த ஒரு பாட்டு. அந்தப் பாட்டின் முடிவிலும் ஒரு டொக் இருக்கிறது, எனக்காக வைத்தது. நான் சொல்லிவிட்டேன் இசக்கி. ஆறு வருடமும் பதினாறு நாளும் பிந்தி.