மைதானம் இல்லாத அணிக்குச் செயலாளர்

கிரிக்கெட் அணியின் செயலாளருக்குக் கிரிக்கெட் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கெஞ்சத் தெரிந்தால் போதும். சங்கம், மன்றம், பஜனைக் குழு என்று எதிலாவது செயலாளராக மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்கள் அணி மாவட்டப் போட்டியின் கடைசிப் பிரிவில் ஆறு வருஷம் ஆடியது. சொந்த மைதானம் மட்டும் கிடையாது.

ஏரிக்கரை

விண்ணப்பத்தில் ‘சொந்த மைதானம் உண்டா?’ என்று ஒரு கேள்வி. இல்லையென்றால் சேர்க்க மாட்டார்கள். ‘உண்டு, பென்னலூர்’ என்று எழுதிவிட்டேன். அது வறண்டு கிடந்த ஏரி.

முதல் ஆட்டம் ஐப்பசியில் வந்தது. அதற்கு முன் இரண்டு நாள் நல்ல மழை. செங்கல்பட்டு அணி பஸ்ஸை விட்டு இறங்கி, மட்டைப் பைகளோடு கரைமேல் ஏறிப் பார்த்தது. முழங்கால் தண்ணீரில் எருமைகள் படுத்திருந்தன. நான் பருவமழையைப் பற்றி ஏதேதோ பேசினேன். அவர்கள் கேப்டன் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், குரலை உயர்த்தவேயில்லை. “மைதானம் இல்லேன்னு ஒரு கார்டு போட்டிருந்தா, எங்க ஊர்லயே ஆடியிருப்போமே சார்” என்றார்.

கண்ணம்மாவின் கழனி

வடக்குப்பட்டில் தனியாளாகப் பயிர் வைத்த கண்ணம்மா, அறுவடை முடிந்த கழனியில் கோடை முழுக்க ஆடிக்கொள்ளச் சொன்னார். நாங்கள் நடுவே பிட்சுக்குக் களிமண் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து இறுக்கினோம். உழவுக்கு முன் கொத்திக் கொடுப்பதாக வாக்கு, மறந்துபோனோம். உழவு தொடங்கியதைக் கேள்விப்பட்டு ஓடினபோது, அவரே கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தார். வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. “ரோடு மாதிரி கீது, ஏர் எறங்கல. நீ போய் ஆடு சார்.”

நாலு பந்து

கடைசியில் மாதா கோயில் ஃபாதர் கோயிலுக்குப் பின்னால் இடம் கொடுத்தார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழி அதன் குறுக்கே போகும். யாராவது வந்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அன்று ஜெயித்தால் மேல் பிரிவுக்குப் போவோம். மிச்சம் நாலு பந்து, எங்களுக்கு ஆறு ரன் வேண்டும். அப்போது சவப்பெட்டியோடு கூட்டம் வந்தது. முன்னால் தோள் கொடுத்தவர் சூசை. அந்த இடத்தில் முள்செடியெல்லாம் வெட்டிச் சமன்செய்து கொடுத்தவர். பெட்டியில் அவருடைய அப்பா. அது தெரிந்தேதான் நான் கையைத் தூக்கினேன், கொஞ்சம் இருங்கள் என்று. பட்டப்பகல் வெயிலில் பெட்டியை இறக்காமல் நின்றார்கள். நாங்கள் நாலு பந்தும் ஆடி முடித்தோம்.

ஜெயித்தோம். பையன்கள் கத்தத் தொடங்கி, திரும்பிப் பார்த்து அடங்கிப்போனார்கள். நான் கைகூப்பிக்கொண்டு ஓடினேன். சூசை தோளை மாற்றிக்கொண்டார். “பரவால்ல சார். எங்கப்பாவுக்கு இனிமே இன்னா அவசரம்.”

மைதானம் இல்லாத அணியின் செயலாளரை ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவன் தலைநிமிர்ந்து நடக்கத்தான் ஒரு தெரு மிஞ்சாது.