ஒரு வார்த்தை பேசாத கேசட்

எங்கள் காலேஜில் நியூ வேவ் என்கிற இங்கிலீஷ் பாட்டு கேட்ட பெண்கள் இரண்டே பேர். நானும் என் சிநேகிதியும். மற்றதுகளுக்கு சினிமாப் பாட்டை விட்டால் வேறு உலகம் கிடையாது. எங்களைக் கண்டால், "தொரைசாணிங்க வந்துட்டாங்கடி" என்று சிரிப்பார்கள். போங்கடி உங்க வேலையைப் பார்த்துக்கிட்டு என்பேன் நான். எனக்கு அப்போதும் வாய் நீளம்தான்.

எண்பதுகளின் நடுவில் காரைக்காலில் அந்தப் பாட்டு எந்தக் கடையில் கிடைக்கும்? துபாயில் வேலை பார்த்த அவளுடைய வாப்பா அனுப்பினால்தான் உண்டு. விழிதியூரிலிருந்து பஸ்ஸில் வருகிற நான், காலேஜ் விட்டதும் நேரே அவள் வீட்டு மாடிக்கு ஓடுவேன்.

சபர் என்று வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போன ஆம்பிளைகள் உள்ள வீடுகளில் அப்போது கடுதாசியைவிடக் கேசட்டுக்குத்தான் மவுசு. வாப்பா பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். அவளுடைய உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அடுத்த ஆள் துபாய்க்குக் கிளம்பும்போது, அதே கேசட்டில், அவர் பேசியதன் மேலேயே இவர்கள் பேசிப் பதிந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். வருஷக்கணக்காக ஒரே கேசட் போய் வந்துகொண்டிருந்தது. அவர் பேசினது அழிகிறதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆள்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாரே, அடுத்த தடவையும் பேசத்தானே போகிறார்!

பேசி முடித்து மிச்சமிருக்கிற இடத்தில் மகளுக்காகப் பாட்டு வைப்பார். அறையில் கூட இருந்தவரின் டேப் செட்டில் பாட்டை ஓடவிட்டு, பக்கத்தில் தன்னுடைய செட்டை வைத்துப் பதிவார். அதனால் பாட்டோடு ஃபேன் சத்தம், கதவுச் சத்தம் எல்லாம் சேர்ந்தே வரும். போதாக்குறைக்கு அவரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது. நல்ல இடமாகப் பார்த்து உள்ளே நுழைந்துவிடுவார். "என்னம்மா இது, நெல்லு மிஷினு ஓடுற மாதிரி இருக்கு? பாடுறவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?" நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோம். அந்த அலுத்துப்போன குரலும், மிஷின் மாதிரி மாறாத தாளமும், அதுக்கு மேலே மெல்லிசாக அழுகிற கீபோர்டும்தான் எங்களுக்கு உசிர் என்று அவருக்கு எப்படிப் புரியும்? போன வாரம் மனப்பாடமான பாட்டின் மேல் இந்த வாரம் உம்மாவின் குரல், எந்த வீட்டில் கல்யாணம், யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று ஓடும். எங்களுக்கு வயிறு எரியும்.

கடைசி வருஷப் பரீட்சை முடிந்ததும் அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள். "பாஸானா எனக்கு வளையல் கிளையல் ஒண்ணும் வேணாம் வாப்பா. புதுக் கேசட்டு ஒண்ணு, ரெண்டு பக்கமும் பாட்டு. அதை யாரும் அழிக்கக் கூடாது. நீங்களும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, சொல்லிட்டேன்!" நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். "வாய்க்கொழுப்பைப் பாரு" என்றார்கள் உம்மா. அதுவும் அதில் பதிந்தது.

இரண்டு பேரும் பாஸ். எங்கள் வீட்டில், "சரி, இனிமே மாப்பிள்ளை பார்க்கலாம்" என்றார் அப்பா, கொண்டாட்டம் அவ்வளவுதான். அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. பாத்திஹா ஓதி, தெருவுக்கே வட்டலாப்பம் கொடுத்தார்கள். அன்றைக்குப் பார்த்துத்தான் புதுக் கேசட்டும் வந்து சேர்ந்தது. மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினோம் பாருங்கள், அப்படி ஒரு ஆட்டம்! தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க. ஒரு பாட்டில்கூட அவர் குறுக்கே வரவில்லை. உம்மா மட்டும் கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அவங்க பேசலியா?"

"இதுல பேச மாட்டாங்க உம்மா. அடுத்ததுல பேசுவாங்க."

அடுத்தது வரவில்லை. ஒரு மாசம்கூட ஆகியிருக்காது, தந்தி வந்தது. ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லையாம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. உம்மா இத்தாவில் உட்கார்ந்தார்கள். புருஷன் போனால் நாலு மாசம் பத்து நாள் வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே இருப்பது. அந்த வீட்டுக்குள் நுழையவே எனக்குக் கால் வராது. என்ன சொல்லி ஆறுதல் சொல்வது? எனக்குத் தெரிந்த பேச்செல்லாம் சண்டைப் பேச்சு.

பிறகு அவருடைய பெட்டி வந்தது. சட்டைகளுக்கு நடுவில் அந்தப் பழைய கேசட் இருந்தது. ஐயோ, அவர் குரல் இருக்கும் என்று எடுத்துப் போட்டாள். கேட்டது அவள் குரல்தான். சிரித்துக்கொண்டே அவரைப் பேசக் கூடாது என்று மிரட்டுகிற குரல். முழுக்கக் கேட்காமல் எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து உம்மா அந்தப் பாட்டுக் கேசட்டைக் கையில் எடுத்தார்கள். காலையும் மாலையும் அதுதான். ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து டிரம் சத்தம் தெருவுக்குக் கேட்கும். "இத்தா இருக்குற வீட்டுல இங்கிலீஷ் பாட்டாம்ல, அடுக்குமா?" என்றாள் ஒருத்தி, நான் உள்ளே போகும்போது என் காதுபடவே. "உங்க வீட்டுல எழவு விழுந்தா அப்ப தெரியும்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே வந்தால், அவளே உம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தாள். "நிறுத்துங்க உம்மா! உங்களுக்கு என்ன புரியுது இதுல?"

"பாட்டை யாரு கேட்டா?" என்றார்கள் உம்மா. "ஒரு பாட்டு முடிஞ்சு இன்னொரு பாட்டு வர்றதுக்குள்ள சும்மா இருக்குல்ல, அங்க கேளு. ஃபேனு சுத்துது. டக்குன்னு பட்டனை அமுக்குறாஹ. அது அவங்க கைதானேம்மா."

நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். எத்தனை தடவை கேட்ட கேசட்! அந்த இடைவெளிகளை ஒரு தடவைகூட நாங்கள் கேட்டதில்லை. அடுத்த பாட்டு எப்போது வரும் என்றுதான் காத்திருந்தோம்.

கடைசிப் பாட்டு முடிந்தது. டேப் இன்னும் ஓடியது. ஃபேன் சத்தம் மட்டும். உடனே அவர் நிறுத்தவில்லை. யாரோ தொண்டையைக் கனைத்துக்கொள்வது போல லேசாக ஒரு சத்தம், மூச்சை உள்ளே இழுப்பது போல. பேச வாயெடுத்தாரோ என்னவோ. அப்புறம் டக்கென்று நின்றுபோனது.

அவள் அந்த மிஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பேசுங்க வாப்பா. பேசுங்க" என்று அதில் முட்டி முட்டி அழுதாள். எனக்குக் கிட்டே போகப் பயமாக இருந்தது.

உம்மாதான் அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"எப்படிம்மா பேசுவாஹ? நீ சொன்னதை அவங்க என்னைக்குத் தட்டியிருக்காஹ?"