விலாசம் போட்ட மஞ்சள் பாக்

எங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால், ஓர் ஆணியில், மஞ்சள் ஷொப்பிங் பாக் ஒன்று தொங்குகிறது. லண்டன் அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு பலசரக்குக் கடையில் முருங்கைக்காயும் கருவாடும் போட்டுத் தருகிற சாதாரண பாக்தான். ஒரு பக்கம் கடையின் பெயர் தமிழில், மறுபக்கம் விலாசம் ஆங்கிலத்தில். ஒரு கைப்பிடி அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறது. அடியில் காய்ந்த கறை ஒன்று, காசளவுதான். "இந்தச் சனியனை எப்பதான் எறியப் போறியள்?" என்று மனைவி கேட்பாள். "கிடக்கட்டும், உனக்கென்ன சோலி?" என்று சீறி விழுவேன். பிறகு அவளிடம் மன்னிப்பும் கேட்பேன். அந்தக் கறை என் அக்காவின் இரத்தம். அக்காவிடம்தான் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை எனக்கு.

அக்கா எனக்கு இரண்டு வயது மூப்பு. கலியாணம் பேசி யாழ்ப்பாணத்திலிருந்து டூட்டிங்குக்கு வந்தவள். ஆங்கிலத்தில் 'தாங்க் யூ'வும் 'சொறி'யும்தான் தெரியும். டூட்டிங்கில் அது ஒரு குறையே இல்லை. மரக்கறி வாங்கத் தமிழ், பல் டொக்டரிடம் காட்டத் தமிழ், தலைமுடி வெட்டத் தமிழ். மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் எங்கட சனம். அவளுக்கு அது ஒரு பாதுகாப்பாயும் இருந்தது, ஏனென்றால் அத்தான் அடிக்கிறவர். அடி என்றால் சும்மா கன்னத்தில் ஒன்று வைக்கிற அடியில்லை. இடுப்புப் பெல்ட்டைக் கழற்றிக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு, ஆறுதலாக, அவசரமில்லாமல் அடிக்கிற அடி. ஒருநாள் கீழ் வீட்டு அம்மா அகப்பையோடு மேலே ஏறிவந்து கதவைத் தட்டி, "டேய், அவளென்ன மாடோ? இன்னொருக்காச் சத்தம் கேட்டால் பொலிசுக்குப் போன் அடிப்பன்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாவாம். அத்தானுக்கு அது பெரிய அவமானம். இரண்டு மாதத்துக்குள் லண்டனிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி, நாட்டுப்புறத்தில், ஒரு கடையும் மேலே வீடுமாகப் பார்த்துவிட்டார். அப்போது அவர். இப்போது அவன். இனி அப்படியே எழுதுகிறேன்.

சாமான் ஏற்றிய அன்று வாடகை வானுக்குக் கயிறு கட்டிக்கொண்டு என்னிடம் சொன்னான்: "அங்க நிம்மதி, மச்சான். என்ன கத்தினாலும் ஒருத்தருக்கும் விளங்காது." டூட்டிங் சனத்தின் வம்பளப்பைச் சொல்கிறானாக்கும் என்று நான் சிரித்தேன். கயிற்றின் மற்றத் தலைப்பைப் பிடித்து இறுக்கிக் கொடுத்ததும் நான்தான்.

அந்த ஊரை முதல் தடவை பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, இருபது முப்பது வீடு, அதற்குப் பிறகு வேலியும் வயலும் செம்மறியும்தான். நாளுக்கு இரண்டு பஸ். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது, சாணி மணம் காரின் கண்ணாடியை மூடினாலும் உள்ளே வந்தது. அக்கா கடையின் பின்னறையில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கல்லாவில் நிற்க விடுவதில்லை, "பாஷை தெரியாது, கடையின்ர பேர் கெட்டுப் போயிடும்" என்பான். அவளுக்கென்று போன் இல்லை. கிழமைக்கு ஒருக்கா எனக்கு எடுப்பாள், அவன் பக்கத்தில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பான். "சுகமாய் இருக்கிறன், தம்பி" என்பாள், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற குரலில். அன்று அவளது மேற்கையில் நீலமாய் நாலு தடம் இருந்தது. "படியில விழுந்திட்டன்" என்றாள். படிக்கு விரல் இருக்குமா? எனக்கு விளங்கியது. விளங்கியும், மேசைக்கு வந்த நண்டுக் கறியை உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். என்ன மனுசன் நான்!

அதற்குப் பிறகு ஆறேழு மாதமிருக்கும். செவன் கிங்ஸில் என் வீட்டிலிருந்து பின்னேர வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், டூட்டிங் கடைக்கார அண்ணை போன் எடுத்தார். "உன்ர கொக்கா இஞ்ச நிக்கிறா. கெதியா வா" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. போனால், அரிசி மூட்டைக்கு மேல் அக்கா இருந்தாள். காலில் வீட்டுச் செருப்பு, ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். நெற்றிக்கு மேல் தலைமயிர் இரத்தத்தில் ஒட்டிக் காய்ந்து தகடாய் நின்றது. அன்று விடியற்காலை அவன் அவளது தலையைப் பிடித்துக் குளிர்பெட்டிக் கதவில் அடித்திருக்கிறான். சாமான் எடுக்க அவன் வெளியே போன நேரம், பின்யன்னலால் குதித்திருக்கிறாள். அவள் கையில் இருந்தது இந்த மஞ்சள் பாக் ஒன்றுதான். டூட்டிங்கிலிருந்து குடிபோனபோது கருவேப்பிலை சுற்றிக் கொண்டுபோன பாக். ஆங்கிலத்தில் ஒரு வசனம் தெரியாத மனுசி, பாக்கின் விலாசத்தைக் காட்டிக் காட்டியே வந்து சேர்ந்துவிட்டாள்! முட்டைக்கோவா ஏற்றிவந்த லொறிக்காரன், ஸ்டேசனில் டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஒருத்தி, நோர்தேர்ன் லைன் ரயிலில் எங்கே இறங்குவதென்று சொல்லிக் கொடுத்த ஒரு பெடியன், எல்லாருமாக ஏழு பேர். "ஒவ்வொருத்தரும் வாங்கி வடிவாய் வாசிச்சுப்போட்டுத் திருப்பித் தந்தவை, தம்பி" என்றாள். அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

எட்டாவது ஆள் நான். எனக்குத் தமிழ் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாக்கை வாங்கி மடித்து என் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து, சொந்தக்காரருக்குப் போன் எடுத்தேன். நாங்கள் அப்படித்தான். எங்கள் வீட்டில் இரத்தம் வந்தால் டொக்டருக்கு முன்னம் பெரியப்பா வருவார். மூன்றாம் நாள் எங்கள் முன்னறையில் ஆம்பிளைகள் ஐந்து பேர் கதிரை போட்டு இருந்தோம், அவனும் ஒருவன். அக்கா குசினி வாசலில் நின்றாள். பெரியப்பா தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டு, "ரெண்டு பக்கமும் பிழை இருக்குது. பொலிசுக்குப் போனால் எங்கட மானந்தான் கப்பலேறும்" என்று தீர்ப்புச் சொன்னார். "என்னை ஒருக்காக் கேட்டியளோ?" என்றாள் அக்கா. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு எல்லாருமாய் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனோம். இனிக் கை வைப்பதில்லை என்று அம்மனுக்கு முன்னால் அவன் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினான், கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வேறு. அந்தக் கண்ணீரை நம்பினோம். அக்காவின் மண்டைக் காயத்தை நம்பவில்லை.

வீட்டில் அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "போனால் என்னைக் கொல்லுவான், தம்பி. உன்ர குசினியில ஒரு மூலை போதும்." சனம் என்ன சொல்லும், அவன் வந்து வாசலில் சண்டை பிடித்தால் என் பிள்ளைகள் பயந்துபோவார்கள் என்று ஏதேதோ சொன்னேன். அடுத்த நாள் நானே கார் ஓட்டிக் கொண்டுபோய் விட்டேன்.

மத்தியானம் அவன் போத்தலைத் திறந்தான். சமாதானம் என்றால் போத்தல் திறக்க வேண்டும், அதுவும் ஒரு வழக்கம். இரண்டாவது கிளாசோடு எனக்கு வாய் நீண்டது. சூழ்நிலையைக் கொஞ்சம் கலகலப்பாக்குவம் என்று, அக்கா பாக்கைக் காட்டி வந்த கதையைப் பகிடியாக எடுத்துவிட்டேன். லொறிக்காரன் விலாசத்தைத் தலைகீழாய்ப் பிடித்து வாசித்ததை நடித்தே காட்டினேன். "என்ர அக்காவை லேசில நினைக்காதேங்கோ, அத்தான்" என்றேன். அவன் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தான். சட்டி கழுவிக்கொண்டிருந்த அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் எழுத ஏலாது.

நான் காரில் ஏறும்போது அவன் கடைக்குள் நின்றான். அக்கா ஓடிவந்து கண்ணாடியில் தட்டினாள். "தம்பி, அந்த பாக்கைத் தந்திட்டுப் போ." கோட்டுப் பையில் கை வைத்தேன், பாக் சரசரத்தது. எல்லாம் நல்லபடியாய் முடித்துவிட்டேன் என்ற பெருமையில் இருந்தேன் நான். அதை அவள் கேட்பது என் சமாதானத்துக்கு அவமரியாதை மாதிரிப் பட்டது. "இனி உனக்கு அது என்னத்துக்கு, அக்கா?" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

அடுத்த நாள் காலையில், கடைக்குப் பின்னால் ஒரு தகர பீப்பாவுக்குள், வீட்டிலிருந்த பாக் எல்லாவற்றையும் அவன் போட்டுக் கொளுத்தினானாம். அரிசி மூட்டையில், ஊறுகாய்ப் போத்தலில் இருந்த விலாசங்களைக்கூடக் கத்தியால் சுரண்டி எடுத்தானாம். இதெல்லாம் பிறகு கோர்ட்டில் வாசித்த அவளது வாக்குமூலத்தில் இருந்தது. பின்யன்னலுக்குப் பலகை அடித்தான். சுரண்டிய அதே கத்தியை அவளது நாக்கில் வைத்து, "இனி ஆருக்கு எதைக் காட்டுவாய்?" என்று கேட்டானாம். அவனுக்கு வழி சொல்லிக் கொடுத்தது யார்? நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடை பூட்டியிருந்தது. ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பியால் அவன் தொடங்கியிருக்கிறான். முதல் அடியில் இடது கை முறிந்தது, இரண்டாவது இடது காதுக்கு மேல். "ஐயோ, என்னைக் கொல்லுறான், ஆராவது வாங்கோ!" என்று அக்கா தமிழில் கத்தியிருக்கிறாள், வேறு எதில் கத்துவாள்? எதிர்ப்பக்க வயலில் ஒரு கிழவி வேலிக்கட்டை அடித்துக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும், செம்மறி வளர்க்கிறவள். அதுவரைக்கும் அக்காவைப் பார்த்துத் தலையாட்டியதைத் தவிர ஒரு சொல் பேசியதில்லை. கட்டை அடிக்கிற பெரிய சுத்தியலோடு ரோட்டைக் கடந்து வந்து, கண்ணாடிக் கதவை மூன்றே அடியில் நொறுக்கி, கண்ணாடித் துண்டு நெற்றியில் குத்தி நிற்க உள்ளே ஏறியிருக்கிறாள். அவளது நாய் அவன் தொடையைக் கவ்விக்கொண்டது. அவன் கம்பியை ஓங்க, கிழவி அந்தக் கையிலேயே சுத்தியலால் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் தனக்குக் கேட்டதென்று கோர்ட்டில் அவளே சொன்னாள், ஒரு கூச்சமும் இல்லாமல். எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல இருந்தது.

அவனுடைய வக்கீல் கேட்டார்: "உங்களுக்கு அந்தப் பாஷை தெரியாதே. சாதாரண குடும்பச் சண்டை இல்லையென்று எப்படி முடிவு செய்தீர்கள்?" கிழவி அவரை ஒரு விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நான் ஆடு வளர்க்கிறவள். சும்மா கத்துகிற ஆட்டையும் நாய் குதறுகிற ஆட்டையும் எனக்குத் தெரியாதா?" என்றாள். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஒரு சொல்லும் விளங்காமல் கதவை உடைத்தாள். எனக்கு அக்கா சொன்ன ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

அவனுக்கு மறியல் கிடைத்தது, சிறைக்குப் போனான். அக்கா லண்டனுக்கு வரவில்லை. வருவாள் என்று ஒரு அறையை ஒதுக்கி, புதுக் கட்டில் வாங்கிப் போட்டேன். வெட்கம் கெட்டவன், ஒரு மூலை கேட்டபோது கொடுக்காமல்! அவள் அந்தச் செம்மறிக்காரியோடேயே தங்கிவிட்டாள். இரண்டு வருடம் கழித்து, ஒரு மாசி மாதம், பாக்கை எடுத்துக்கொண்டு ரயிலும் பஸ்ஸுமாய்ப் போனேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

தொழுவத்தில் ஒரு ஆடு குட்டி ஈன முடியாமல் கிடந்தது. அக்கா முழங்கால் வரை பூட்ஸ் போட்டு, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கிழவி ஏதோ சொல்ல, இவள் ஆங்கிலத்தில் ஏதோ திருப்பிக் கத்தினாள். அந்தப் பக்கத்து ஆங்கிலம், எனக்குப் பாதிதான் பிடிபட்டது. குட்டி வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. இரத்தம் சொட்டுகிற கையோடு நிமிர்ந்து, "வந்திட்டியோ? சாப்பிட்டனியோ?" என்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, "அக்கா, நான் செய்தது பெரிய பிழை. என்னை மன்னிச்சிடு" என்றேன். குட்டியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நினைவு வந்தது: நான் இருந்தது அவளது இடப்பக்கம். அந்தக் காது அன்றோடு போய்விட்டது. கேட்கவில்லையா, கேட்க விரும்பவில்லையா, எனக்குத் தெரியாது. எழுந்து வலப்பக்கம் போய் இன்னொருக்காச் சொல்வதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

போகும்போது பாக்கை நீட்டினேன். வாங்கி, விரித்து, விலாசத்தை மெதுவாக வாசித்தாள். ஆங்கிலத்தில், எழுத்துக் கூட்டாமல். பிறகு கோழிக்கூட்டுப் பக்கம் போய், ஒரு டசின் முட்டையைப் பெட்டியோடு அதற்குள் வைத்து, அறுந்த பிடியை முடிச்சுப் போட்டு, என் கையில் தந்தாள். "பஸ் நாலு மணிக்கு. விட்டால் பிறகு இல்லை" என்றாள்.

நான் லண்டனில் பஸ் ஓட்டுகிறவன். பாஷை தெரியாதவர்கள் தினமும் ஏறி, போனிலோ கடதாசியிலோ ஒரு விலாசத்தை நீட்டுவார்கள். பின்னால் கார்க்காரன் ஹோர்ன் அடித்தாலும் வாங்கி ஆறுதலாக வாசித்து, சரியான இடத்தில் இறக்கிவிடுவேன். நல்ல டிரைவர் என்று பெயர். முட்டைகளைச் சாப்பிட்டு முடித்துவிட்டோம். பாக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. வேலைக்குப் போகும்போது அதைப் பார்ப்பேன், வந்தும் பார்ப்பேன். திரும்ப ஒருநாள் போக வேண்டும். வலப்பக்கம் நிற்க வேண்டும்.