இரண்டு தட்டு

முதல் அடி செல்லக்கனியின் இடது காதில் விழுந்தது. கம்மல் சதையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் பட்டுத் தெறித்தது. அடித்தவன் அவள் புருஷன் பெருமாள்சாமி, கம்பெனி வேன் டிரைவர்.

"எனக்கே தட்டுதியாட்டி? நான் என்ன, உன் பெல்ட்டுல ஓடுத சாமானா?"

அவள் தட்டியது உண்மைதான்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்போடு வந்தவள் அவள். ஒரகடம் சாலையில், கார்களுக்கு வயர்க்கட்டு செய்கிற கம்பெனியில் செக்கிங் வேலை. வந்த புதிதில் பிரஸ் மெஷினில் ஒருத்தியின் சுண்டுவிரல் நசுங்கியது. அவள் தொண்டை கிழியக் கத்தியது பக்கத்தில் நின்றவளுக்குக் கேட்கவில்லை, அவ்வளவு இரைச்சல். விரலில் பாதி போன பிறகுதான் மெஷின் நின்றது. அதற்கப்புறம் பெண்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எது தப்பாகக் கண்ணில் பட்டாலும் ஸ்க்ரூடிரைவரால், சாமான் நகர்ந்து வரும் பெல்ட்டின் ஓரத்துக் கம்பியில் இரண்டு தட்டு. அந்த அதிர்வு கைக்குக் கை போகும், எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். யார் செய்த தப்பு என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

இங்கிலீஷைச் செல்லக்கனிக்குப் பள்ளிக்கூடத்தில் பிரம்பு சொல்லிக்கொடுத்தது. ஒரு தப்புக்கு விரல் கணுவில் ஓர் அடி. கணு வீங்கியது, பாடம் ஏறவில்லை. மெஷின்களில் ஒட்டியிருந்த தாள்களையும் ஒரு பழைய அகராதியையும் வைத்துக்கொண்டு பிற்பாடு தானாகத்தான் கற்றாள். சுங்குவார்சத்திரத்தில் அவளும் புருஷனும் குடியிருந்த வரிசை அறைகளில் எல்லாம் கம்பெனிப் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசச் சொல்வாள். 'ஐ டிட் நாட் வென்ட்' என்று யாராவது சொன்னால், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஸ்க்ரூடிரைவரால் ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு. 'டிஸ்கஸ் அபவுட்' என்றால் இரண்டு தட்டு. பேசியவள் நிறுத்தி, தானே யோசித்து, முதலிலிருந்து சொல்ல வேண்டும். சீ, லுக், வாட்ச் மூன்றும் குழம்பியபோது பெல்ட்டையே உதாரணம் காட்டினாள். சும்மா கண்ணில் பட்டால் சீ, உற்றுத் தேடினால் லுக், ஓடுகிற பெல்ட்டையே கவனித்துக்கொண்டிருந்தால் வாட்ச். அடி வாங்கியதெல்லாம் கம்பி மட்டும்தான்.

வருகிற திங்கட்கிழமை அவளுக்கு லைன் லீடர் வேலைக்கு நேர்காணல். மேனேஜர் வடநாட்டுக்காரர், இங்கிலீஷில்தான் கேட்பார். தேறினால் பச்சைத் தொப்பி. ஒரு லைன் முழுக்க அவள் பொறுப்பில் வரும்.

அன்று சனிக்கிழமை காலை வல்லக்கோட்டை அருகில் மேனேஜரின் கார் நின்றுபோய், பெண்கள் வேலைக்குப் போகும் கம்பெனி வேனில் அவர் ஏறினார். அவர் காருக்கு டிரைவராகப் போக வேண்டும் என்பது பெருமாள்சாமியின் நெடுநாள் ஆசை. வண்டி ஓட்டிக்கொண்டே இங்கிலீஷில் பேச்சுக் கொடுத்தான். "சார், யெஸ்டர்டே ஐ டிட் நாட் வென்ட் ஹோம்" என்றான். பின்னால் உட்கார்ந்திருந்த செல்லக்கனியின் கை, அவளைக் கேட்காமலே, இருக்கைக் கம்பியில் இரண்டு தட்டு தட்டிவிட்டது. அவனும் சட்டென்று நிறுத்தி, "ஐ டிட் நாட் கோ" என்று முதலிலிருந்து சொன்னான். இத்தனை ஞாயிறு பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டவன் அல்லவா. வேன் முழுக்கச் சிரித்தது. மேனேஜரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைச் சாயங்காலம்வரை சுமந்துகொண்டுதான் அவன் வீட்டுக்கு வந்தான்.

பழக்கத்தில் கை தட்டிவிட்டது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் முடியைப் பிடித்து அவள் நெற்றியைச் சுவரில் மோதினான். விழுந்தவளின் விலாவில் மிதித்தான். பிறகு முகத்தை நிமிர்த்தி வாயிலேயே குத்தினான்.

"திங்கக்கிழமை எந்த வாயைக் கொண்டு பேசுத, பாப்போம்."

அவன் வாயைத்தான் குறிவைக்கிறான் என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது. உடைந்த பல்லைத் துப்பிவிட்டு ஜன்னல் பக்கம் ஊர்ந்தாள். கத்தவில்லை. அங்கே கயிற்றில் தொங்கிய ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக் கம்பியில் இரண்டு தட்டு தட்டினாள்.

பக்கத்து அறை ஜன்னலில் இரண்டு தட்டு கேட்டது. அதற்கடுத்த அறையிலும் கேட்டது. வரிசை முழுக்கக் கம்பிகள் அதிர்ந்தன. பெருமாள்சாமியின் கை ஓங்கியபடி நின்றது. ஆனால் அவன் மறுபடி நல்லபடியாகத் தொடங்குகிறவன் இல்லை. வேன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தான். வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். முதலில் நின்ற பக்கத்து அறைத் தங்கமாரியின் மணிக்கட்டில் போட்டான், எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவள் பின்வாங்கவில்லை. மற்றவர்கள் வாளி, கரண்டி, கையில் கிடைத்ததோடு அவன்மேல் பாய்ந்தார்கள். ஒருத்தி ஸ்பானர் பிடித்த கையைக் கடித்தாள். அவன் விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தார்கள். வீட்டுக்கார மீனம்மாள் விறகுக்கட்டையோடு வந்து அவன் நெஞ்சில் காலை வைத்தாள்.

"இன்னாடா, என் வூட்ல ரத்தம் வுட்டுகினு கீற? நீ மட்டும் கெளம்பு. அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கும்."

முகம் கிழிந்து, நொண்டிக்கொண்டு அவன் போனான்.

திங்கட்கிழமை காதிலும் உதட்டிலும் தையலோடு செல்லக்கனி மேனேஜர் முன்னால் உட்கார்ந்தாள். முகத்துக்கு என்ன ஆயிற்று என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அதற்குப் பெண்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு வாக்கியம் தயார் செய்து கொடுத்திருந்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்ற வாக்கியம். அதில் ஒரு பிழை கிடையாது.

"ஐ ஃபெல் டவுன் இன் த..." என்றாள்.

நிறுத்தினாள். விரல் கணுவால் மேஜையில் இரண்டு தட்டு தட்டினாள். மேனேஜர் விழித்தார்.

"மை ஹஸ்பண்ட் ஹிட் மீ," என்று முதலிலிருந்து சொன்னாள்.

அவர் அடுத்த கேள்வியாக, லைனில் ஒரு தப்பைக் கண்டால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார். தையல் இழுக்க இழுக்க, அதற்கு அவள் விளக்கமாகப் பதில் சொன்னாள்.

அடுத்த வாரம் பச்சைத் தொப்பி வந்தது. அதன் ஓரம் காதுத் தையலில் அழுத்தி வலித்தது. அவள் அதைக் கழற்றவில்லை.