ஓட்டு வீட்டுக்குக் காவல்

புயல் வருகிறதென்று கீரமங்கலத்தில் தமுக்கடித்தபோது என் கணவர் சிலோனில் இருந்தார். அவர் அனுப்பிய பணத்தில் மண்சுவர் எழுப்பி ஓடு போட்ட எங்கள் வீடுதான் தெருவிலேயே பெரியது. பக்கத்தில் கொழுந்தன் மனைவி செல்லாயியின் வீடு, குனிந்து நுழைய வேண்டிய கீற்றுக்குடிசை.

"அக்கா, பிள்ளைகளோட இங்கிட்டு வந்துருங்க. தணிஞ்ச கூரை, காத்து மேல போயிரும்" என்றாள்.

"ஒன் குடிசைக்குள்ள குனியிறதுக்கா நாங்க வீடு கட்டுனோம்?" என்றேன்.

மத்தியானம் ஓடுகள் பெயர்ந்து பறந்தன. மழையில் சுவர் ஊறியது. பயந்துபோய் இரண்டு பிள்ளைகளையும் குடிசை வாசலில் விட்டேன்.

"நீங்களும் வாங்கக்கா."

"வீட்டுக்குக் காவல் வேணும்ல" என்று திரும்பிவிட்டேன்.

நெற்குதிரோடு ஒண்டிக்கொண்டு நனைந்தேன். பின்சுவர் சரிந்து என் காலடி வரை மண் வந்தது. அப்போதும் எழுந்து போகவில்லை.

காற்று அடங்கியதும் போனேன். சின்னவள் செல்லாயி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால், "இங்கேயே இருக்கேன் ஆத்தா" என்றாள்.

வீட்டைக் காத்தவள் என்று ஊரே என்னைப் புகழ்ந்தது. நானும் மறுக்கவில்லை. உண்மையில் அந்தக் குதிரோரம் நான் எதையும் காக்கவில்லை. செல்லாயி இன்னொரு தரம் கூப்பிடுவாளா என்றுதான் காத்திருந்தேன்.